குரல்மீது விழும் பழி: குரல்வளை அமைலாய்டும் ‘காரணம்’ என்ற சொல்லும்

குரல் கம்மினால் அதற்கான காரணம் தமிழில் ஆயத்தமாக இருக்கிறது: “அதிகம் பேசியதால்.” ஆசிரியருக்கு வகுப்பு, ஓதுவாருக்குப் பாட்டு, வழக்கறிஞருக்கு வாதம், ஆய்வு மாணவருக்குக் கருத்தரங்கு என ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றப்பத்திரிகை முன்பே எழுதப்பட்டிருக்கிறது. மருந்தும் ஆயத்தம்தான்: பனங்கற்கண்டு போட்ட மிளகுப்பால், வாயில் ஒதுக்கிக்கொள்ள ஒரு துண்டு அதிமதுரம், இரண்டு நாள் மௌனம். பெரும்பாலான வேளைகளில் இந்தக் கணிப்பு பொய்ப்பதில்லை, குரலும் திரும்பிவிடுகிறது. ஆனால் மாதக்கணக்கில் திரும்பாத குரல்களும் உண்டு. அவற்றுள் மிகச் சிறிய ஒரு பகுதிக்குப் பின்னால் இருப்பது, குரல்வளையில் மட்டும் படியும் அமைலாய்டு என்னும் புரதப் படிவு.

இது அரிய நோய். குரல்வளையில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளில் இதன் பங்கு 0.2 முதல் 1.2 சதவீதம் வரை என்று மருத்துவ நூல்கள் கணிக்கின்றன. இவ்வளவு அரிதான ஒன்றைப் பற்றி மருத்துவத் துறைக்கு வெளியே ஏன் விவாதிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. இந்நோயின் தொடக்கக் காரணம் இன்னும் முழுமையாக அறியப்படவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வரும் சொற்கள், ஆதாரம் இல்லாமலே நோயாளியின் வாழ்க்கைமுறையைக் குற்றவாளியாக்குகின்றன. அறியப்பட்டவை எவை, ஊகங்கள் எவை, வெறும் பழிகள் எவை என்று பிரித்துச் சொல்லும் மொழி தமிழில் உருவாக வேண்டும். அதற்கான கருவிகள் தமிழ் மரபிலேயே இருக்கின்றன.

முதலில் நோயின் இயல்பு. குரல்வளைக்குள் உண்மைக் குரல்நாண்கள் இரண்டு உள்ளன. பேசும்போது அதிர்பவை இவை. இவற்றுக்குச் சற்று மேலே, வழக்கமான பேச்சில் பெரிதாகப் பங்கெடுக்காத போலிக் குரல்நாண்கள் இரண்டு. இவ்விரு இணைகளுக்கும் இடையே இருபுறமும் சிறு பை போன்ற ஒரு குழிவு. அமைலாய்டு பெரும்பாலும் போலிக் குரல்நாண்களிலும் அந்தக் குழிவிலும் படிகிறது. சிலருக்கு உண்மைக் குரல்நாண்களிலும், அவற்றுக்குக் கீழே மூச்சுக்குழாயை ஒட்டிய பகுதியிலும் படிகிறது. சளிச்சவ்வுக்கு அடியில் மஞ்சள் அல்லது சாம்பல் நிறத்தில், மெழுகு போன்ற ஒரு மேடாக அது தென்படும். நடுத்தர வயதினரிடமே, குறிப்பாக 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களிடம், அதிகம் காணப்படுகிறது. முதல் அறிகுறி குரல் கரகரப்பு. மேடு பெரிதானால், அதுவும் குரல்நாண்களுக்குக் கீழே பெரிதானால், மூச்சுத் திணறலும் வரும்.

இது புற்றுநோய் அன்று. குரல்வளையோடு நின்றுவிடும் இயல்புடையது. 2015இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வு, உடலின் ஏதேனும் ஓர் இடத்தில் மட்டும் இவ்வகைப் படிவு கொண்ட 606 பேரைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் ஏறத்தாழ 1 சதவீதத்தினருக்கு மட்டுமே அது உடல் முழுவதையும் பாதிக்கும் நோயாக மாறியது. ஆகவே இதயமும் சிறுநீரகமும் பழுதுபடும் முழுஉடல் அமைலாய்டு நோயின் அச்சத்தை இந்த நோயாளியின் தலையில் ஏற்றுவது தவறு. ஆனால் அகற்றிய படிவு மீண்டும் வரக்கூடும், சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும் என்பதால் நீண்டகாலக் கண்காணிப்பு தேவை.

அடுத்து, பெயர். இந்நோயின் பெயரே ஒரு தவறான கணிப்பிலிருந்து பிறந்தது. 1854இல் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ப் விர்க்கோ, உடல் திசுக்களில் கண்ட சில படிவுகள் அயோடினோடு மாவுப்பொருளைப் போல நிறம் மாறுவதைக் கவனித்தார். ஆகவே மாவுப்பொருளைக் குறிக்கும் கிரேக்க, இலத்தீன் வேரிலிருந்து ‘மாவு போன்றது’ எனப் பொருள்படும் அமைலாய்டு என்ற சொல்லை அவற்றுக்குச் சூட்டினார். ஐந்தே ஆண்டுகளில், 1859இல், பிரீட்ரைக், கெக்குலே என்ற இருவர் அந்தப் பொருளின் வேதி இயல்பை ஆராய்ந்து, அது மாவுப்பொருள் அன்று, புரதத் தன்மை கொண்டது என்று காட்டினர். பொருளைப் பற்றிய அறிவு திருத்தப்பட்டது, பெயர் திருத்தப்படவில்லை. அந்தப் படிவை இன்று உறுதிப்படுத்தும் சாயத்தின் கதையும் இதைப் போன்றதே. காங்கோ சிவப்பு என்ற அச்சாயம் காங்கோ நாட்டிலிருந்து வந்ததன்று. ஐரோப்பிய வல்லரசுகள் பெர்லினில் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கிடப் பேசிய 1884–85 காலத்தில், செய்தித்தாள்களில் அடிபட்ட ஊர்ப்பெயர் ஒரு ஜெர்மானியத் துணிச் சாயத்துக்கு வணிகப் பெயராயிற்று. 1922இல் அது அமைலாய்டைப் பற்றுவது கண்டறியப்பட்டது. 1927இல், அவ்வாறு சாயமேற்றிய படிவு முனைவாக்கிய ஒளியில் பச்சை நிறமாக மின்னும் என்பது தெரியவந்தது. குரல்வளைத் திசுவிலும் இன்றுவரை அந்தப் பச்சை மின்னலே அடிப்படைச் சான்று.

பெயர் தவறாக இருந்தும் அறிவியல் முன்னேறியிருக்கிறதே, பிறகு என்ன கவலை என்று கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் கவலை இல்லை. அங்கே சொல் வெறும் அடையாளக் குறி. மருத்துவரின் அறையில் அதே சொல் விளக்கமாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் அந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. ‘மாவு போன்ற பொருள் தொண்டையில் படிந்திருக்கிறது’ என்று தமிழாக்கிச் சொன்னால், கேட்பவர் முதலில் சோற்றைக் குறைப்பார், பிறகு இட்லியை நிறுத்துவார். விர்க்கோவின் 19ஆம் நூற்றாண்டுக் கணிப்பு, இங்கே ஒரு வீட்டின் சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உணவில் உள்ள மாவுச்சத்துக்கும் இந்தப் படிவுக்கும் தொடர்பில்லை.

ஒலிபெயர்ப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில உச்சரிப்பை ஒட்டி ‘அமிலாய்டு’ என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அந்தச் சொல்லின் முற்பாதி ‘அமிலம்’ என்றே கேட்கும். ‘தொண்டையில் அமிலாய்டு’ என்றதும் வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கியது என்ற கதை தானாக உருவாகிவிடும். எதுக்களிப்புக்கும் குரல் கரகரப்புக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை; அதனாலேயே இந்தக் குழப்பம் எளிதில் வேரூன்றும். எதுக்களிப்பு பெரும்பாலும் குரல்வளையின் பின்பகுதியைச் சிவக்கச் செய்யும். சளிச்சவ்வுக்கு அடியில் புரதப் படிவை உண்டாக்குவதற்கு அதனிடம் அறியப்பட்ட வழி ஏதும் இல்லை. ‘அமைலாய்டு’ என்ற எழுத்துமுறை உச்சரிப்பிலிருந்து சற்று விலகினாலும், அமிலத்தின் நிழல் விழாமல் காக்கிறது. கலைச்சொல்லாக்கத்தில் துல்லியமான ஒலியைவிட, தவறான பொருளைத் தூண்டாமல் இருப்பது முதன்மையான தகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

இனி, காரணம் என்ற சொல்லுக்கு வரலாம். ‘இந்த நோய்க்கு என்ன காரணம்?’ என்ற கேள்வி ஒன்றைப் போலத் தோன்றினாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தமிழ்ச் சைவ சித்தாந்தம் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்துவைத்தது. குடம் உண்டாக மண் முதற்காரணம். சக்கரமும் தண்டும் துணைக்காரணம். குயவர் நிமித்த காரணம். இவற்றுள் ஒன்றை அறிந்துகொண்டு மற்றதையும் அறிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஒன்று தெரியாததால் மற்றவையும் தெரியாது என்று கைவிரிக்கவும் முடியாது. இறையியலுக்காக வகுக்கப்பட்ட இந்தப் பாகுபாட்டை ஒரு தருக்கக் கருவியாக மட்டும் எடுத்துக்கொண்டு குரல்வளை அமைலாய்டுக்குப் பொருத்தினால், அறிவின் எல்லை தெளிவாகத் தெரிகிறது.

மண் எது என்பது நன்றாகவே தெரியும். உடலின் பாதுகாப்புக்கான எதிர்ப்பொருள் ஒவ்வொன்றும் இரண்டு கனமான சங்கிலிகளும் இரண்டு இலேசான சங்கிலிகளும் சேர்ந்த ஒரு புரதம். 1971இல் கிளென்னரும் உடன் ஆய்வாளர்களும், ஒருவகை அமைலாய்டு இழையின் அமினோ அமில வரிசையைப் படித்து, அது இந்த இலேசான சங்கிலியிலிருந்து உருவானது என்று நிறுவினர். ஒழுங்காக மடிய வேண்டிய சங்கிலி தவறாக மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கரையாத இழையாகிவிடுகிறது. இந்த வகைக்கு ஏ.எல். என்று பெயர், முதலெழுத்து அமைலாய்டையும் அடுத்தது இலேசான சங்கிலியையும் குறிக்கும். மனித உடலில் அமைலாய்டாக மாறக்கூடிய புரதங்கள் 40க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. ஆல்சைமர் நோயில் மூளையில் படிவது அவற்றுள் வேறொன்று. குரல்வளையில் மட்டும் படிவது பெரும்பாலும் ஏ.எல். வகையே. ஆகவே ‘அமைலாய்டு’ என்ற ஒரே சொல்லைக் கண்டு, குரல் கம்மியவர் மறதிநோய் வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

குயவர் யார்? இலேசான சங்கிலியைச் சுரப்பவை பிளாஸ்மா செல்கள். முழுஉடல் ஏ.எல். நோயில் அவை எலும்பு மஜ்ஜையில் பெருகி, அவை சுரக்கும் சங்கிலி இரத்தத்தின் வழியே பல உறுப்புகளுக்குப் போய்ப் படியும். குரல்வளை நோயில் நிலைமை வேறு. படிவின் ஓரத்திலேயே, அதே திசுவுக்குள், பிளாஸ்மா செல்கள் கூட்டமாகக் காணப்படுகின்றன. பெரும்பாலான நோயாளிகளின் இரத்தத்தில் இதற்கு இணையான மாற்றம் இருப்பதில்லை.

நுண்ணோக்கியில் படிவும் செல்களும் அருகருகே தெரிகின்றன என்பது மட்டும் போதுமா? தமிழ் இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்ற மூன்று பொருள்களைத் தருகிறது. குயவரால் குடம் ஆயிற்று என்றால் கருத்தா. குயவரோடு அவர் மகனும் வந்தான் என்றால் உடனிகழ்ச்சி. ஒரே வேற்றுமைக்குள் இருந்தாலும் இவை ஒன்றல்ல. பிளாஸ்மா செல்கள் படிவை உண்டாக்கியவையா, உண்டான படிவைக் கண்டு கூடியவையா என்பதும் இதே கேள்வி. அந்தப் படிவுகளின் அருகே, அன்னியப் பொருளைக் கண்டால் திரளும் பல்லுட்கருப் பெருஞ்செல்களும் காணப்படுவதுண்டு. அவற்றைப் பார்த்த எவருக்கும் இந்த ஐயம் எழவே செய்யும்.

இதற்கு விடை தந்தது செல்கள் சுரப்பது எது என்ற ஆய்வு. இலேசான சங்கிலி கப்பா, லாம்டா என இருவகைப்படும். அழற்சியைக் கண்டு கூடிய சாதாரணக் கூட்டம் என்றால் இரண்டையும் சுரக்கும் செல்கள் கலந்திருக்கும். ஆனால் பல நோயாளிகளிடம் அந்தச் செல்கள் ஒருவகைச் சங்கிலியையே சுரக்கின்றன. படிவிலும் அதே வகையே இருக்கிறது. அதாவது ஒரே மூதாதைச் செல்லிலிருந்து பெருகிய ஒரு சிறு குடும்பம், தான் குடியேறிய இடத்திலேயே சங்கிலியைச் சுரந்து, அங்கேயே படியவிடுகிறது. எல்லா நோயாளிகளிடமும் இது இத்தனை தெளிவாகக் காட்டப்படவில்லை என்றாலும், சான்றுகளின் கனம் கருத்தா என்ற பக்கமே சாய்கிறது.

ஒரு செல் குடும்பம் பெருகுகிறது என்றால் அது ஏன் புற்றாக வளர்வதில்லை? சுவீடன் நோயியலாளர் பெர் வெஸ்டர்மார்க் 2012இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். தவறாக மடிந்த அந்தச் சங்கிலியே நச்சாகி, தன்னைச் சுரந்த செல்களையே அழிக்கிறது. அதனால் கூட்டம் ஓரெல்லைக்கு மேல் பெருகுவதில்லை என்பது அதன் சாரம். இதைத் தற்கொலைத் தன்மை கொண்ட கட்டியோ என்று அவர் கேள்விக்குறியோடுதான் தலைப்பிட்டார். நோய் ஓரிடத்தில் நின்றுவிடுவதற்கு இது நயமான விளக்கம். ஆனால் முழுமையாக நிறுவப்பட்ட ஒன்றன்று.

துணைக்காரணங்களைப் பற்றிய அறிவு இன்னும் மங்கலானது. சளிச்சவ்வில் இயல்பாகவே நோயெதிர்ப்புத் திசு உண்டு. போலிக் குரல்நாண்களிலும் அவற்றை அடுத்த குழிவிலும் சுரப்பிகளும் நிணத்திசுவும் செறிந்துள்ளன. காற்றோடு வரும் துகளும் கிருமியும் ஓயாமல் வந்து மோதும் வாயில் அது. நெடுநாள் தூண்டுதலால் அங்குள்ள நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு குடும்பம் மட்டும் மேலோங்கியிருக்கலாம் என்ற ஊகம் இதிலிருந்து எழுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் தாக்கும் ஷோகிரன் நோயில், நுரையீரலிலும் தோலிலும் ஓரிட ஏ.எல். படிவுகள் தோன்றுவதுண்டு என்பது இவ்வூகத்துக்கு ஓரளவு வலுச் சேர்க்கிறது. ஆனால் குரல்வளைக்குள் அந்தக் குடும்பத்தை முதலில் தூண்டியது எது என்ற கேள்விக்கு இன்று விடை இல்லை. குயவரை அடையாளம் காட்ட முடிகிறது. அவரை அங்கே குடியேற்றியது யார் என்று சொல்ல முடியவில்லை.

‘அதிகம் பேசியதால்’ என்ற தீர்ப்பு வந்து அமர்வது இந்த வெற்றிடத்தில்தான். அதை உணர்ச்சியால் தள்ளிவிட வேண்டியதில்லை. சான்றுகளால் சோதித்தாலே போதும்.

முதல் சோதனை இடம் பற்றியது. குரலைக் கடுமையாகப் பயன்படுத்துவோருக்கு வரும் முடிச்சுகள், உண்மைக் குரல்நாண்களின் விளிம்பில், முன் மூன்றிலொரு பங்கு முடியும் இடத்தை ஒட்டித் தோன்றும். இரு நாண்களும் மிக வேகமாக மோதும் இடம் அது. பேசும் பெண்குரலில் அந்த மோதல் நொடிக்கு 200 முறை அளவில் நிகழ்கிறது. உராய்வே அமைலாய்டுக்கும் காரணம் என்றால் படிவும் அங்கேதான் அதிகம் இருக்க வேண்டும். அது அதிகம் தேர்ந்துகொள்வதோ, வழக்கமான பேச்சில் மோதாத போலிக் குரல்நாண்களை.

இரண்டாம் சோதனை எண்ணிக்கை. இந்தியாவில் தொண்டையை நம்பிப் பிழைக்கும் ஆசிரியர்களும் தெரு வணிகர்களும் பாடகர்களும் கோடிக்கணக்கில் இருக்கின்றனர். அவர்களிடையே முடிச்சும் வீக்கமும் பரவலாக இருக்க, அமைலாய்டு மட்டும் இவ்வளவு அரிதாக இருப்பதைப் பேச்சு என்ற பொதுக் காரணம் விளக்காது.

மூன்றாம் சோதனை மொழி பற்றியது. பேச்சைத் தொழிலாகக் கொண்டவரே குரலின் சிறு மாற்றத்தையும் முதலில் கவனிப்பார். அவரது குரல் மாறினால் கேட்பவர்களும் கவனிப்பார்கள். ‘பேசும்போது தெரிந்தது’ என்பதே உண்மையில் நிகழ்ந்தது. வீடு திரும்பும்போது அது ‘பேசியதால் வந்தது’ என்றாகிவிடுகிறது. ‘போது’ இருந்த இடத்தில் ‘ஆல்’ ஏறிக்கொள்ள ஒரு நாள்கூடத் தேவைப்படுவதில்லை.

இதனால் குரல் ஓய்வும் குரற்பயிற்சியும் வீண் என்று பொருளில்லை. படிவினால் விறைத்த குரல்நாணைக் கொண்டு பேச முயல்பவர் தொண்டையை மேலும் இறுக்கிப் பேசுவார். அந்தக் களைப்பைக் குறைக்கவும், அறுவைக்குப் பின் குரலை மீட்கவும் பயிற்சி உதவும். குரல் பயன்பாடு ஒரு தொலைதூரத் துணைக்காரணமாகவும் இருக்க முடியாது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லிவிடவும் இல்லை. ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டுபவருடையது. இதுவரை அது நிறைவேறவில்லை.

இந்தப் பழியின் விலை கற்பனையானதன்று. ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் பேசாமல் இருங்கள், சரியாகிவிடும் என்ற அறிவுரை அவருக்கு மூன்று மாத வருமானம். மௌனம் காத்தும் குரல் திரும்பாதபோது, போதிய அளவு மௌனம் காக்கவில்லை என்று அவரே தம்மை நொந்துகொள்வார். படிவு கண்டறியப்பட்டு, அகற்றப்பட்டு, நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்தால், ‘நான் மறுபடியும் அதிகம் பேசிவிட்டேன்’ என்ற குற்றவுணர்ச்சியோடு மருத்துவரிடம் போகவே தயங்குவார். மீள்வரவு இந்நோயின் இயல்பு என்று முதல் நாளே சொல்லப்பட்டிருந்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமிருக்காது.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை நிகழக்கூடும். ‘காரணம் அறியப்படாதது’ என்று முத்திரை குத்திக் கோப்பை மூடிவிடுவது அது. மருத்துவ ஆங்கிலம் இதற்குப் பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள், தனக்கே உரிய நோய் என்பது. தமிழில் ‘தான்தோன்றி’ என்று பெயர்ப்பார் உண்டு. கோயிலில் தான்தோன்றி என்றால் அதற்குமேல் காரணம் தேட வேண்டாத புனிதம். தெருவில் தான்தோன்றி என்றால் யாருக்கும் அடங்காதவர். இரண்டு பொருளும் இங்கே பொருந்தவில்லை. தொடக்கத் தூண்டுதல் தெரியாமல் இருக்கலாம்; படிந்திருக்கும் புரதம் எது என்பதை அறிய வழி இருக்கிறது. அதை அறியாமல் விடுவது ஆபத்து.

இந்தியச் சூழலில் இந்த எச்சரிக்கைக்குத் தனிப் பொருத்தம் உண்டு. இங்கே அமைலாய்டு என்றதும் மருத்துவரின் நினைவுக்கு வருவது காசநோய். நாட்பட்ட காசநோயில் கல்லீரல் ஓர் அழற்சிப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கும், அது ஏ.ஏ. என்ற வகை அமைலாய்டாகி முக்கியமாகச் சிறுநீரகத்தில் படியும். இந்தியாவில் ஏ.ஏ. வகைக்கு நெடுங்காலமாகவே காசநோய் முதன்மைக் காரணமாக இருந்துவந்திருக்கிறது. காசநோய் குரல்வளையையும் நேரடியாகத் தாக்கிக் குரலைக் கெடுக்கும். இந்த இரண்டு உண்மைகளையும் ஒட்டவைத்துக் குரல்வளை அமைலாய்டையும் காசநோயின் விளைவு என்று முடிவுகட்டினால் அது தவறாகிவிடும். மண்ணும் வேறு, குயவரும் வேறு. காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது சரி. அது இல்லாதபோதும் அதன் மருந்தைத் தொடங்கிப் பார்ப்பது சரியன்று.

இன்னொரு கிளை மரபணு சார்ந்தது. அப்போலிப்போபுரதம் ஏ-1 என்ற இரத்தப் புரதத்தின் 173 முதல் 178 வரையிலான இடங்களில் ஏற்படும் சில மரபணு மாற்றங்கள், பிறவற்றோடு குரல்வளையிலும் படிவை உண்டாக்குகின்றன. அத்தகையவருக்குக் குரல் கரகரப்பு ஒரு முழுஉடல் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். சில குடும்பங்களில் இதயமும் பாதிக்கப்படுகிறது. இவரை ஏ.எல். வகை என்று எண்ணி அனுப்பிவிட்டால் அவருடைய பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கையும் கிடைக்காமல் போகும். மாறாக, ஓரிட ஏ.எல். நோயாளியை முழுஉடல் நோயாளி என்று எண்ணிவிட்டால், தேவையற்ற வேதிச்சிகிச்சை வரை போகக்கூடும். பச்சை மின்னல் அமைலாய்டு என்று மட்டும் சொல்லும். எந்த அமைலாய்டு என்று சொல்லாது. அதற்குத் தனிச் சாயப் பரிசோதனைகளும், ஐயம் நீங்காதபோது படிவின் புரதங்களை நிறையறிந்து இனம்காணும் நிறமாலைப் பகுப்பாய்வும் வேண்டும். இரத்தத்திலும் சிறுநீரிலும் இலேசான சங்கிலியின் அளவைப் பார்த்து, முழுஉடல் நோய் இல்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொள்வதும் இதில் அடங்கும். அவ்வாறு உறுதியானபின், பேச்சையும் மூச்சையும் தடுக்கும் அளவுக்கு மட்டும் படிவைக் கார்பன் டை ஆக்சைடு லேசர் போன்ற கருவிகளால் உள்வழியாக அகற்றுவதே பரவலான முறை. முழுவதையும் வழித்தெடுக்க முயன்று குரலை இழப்பதைவிட, தேவையானதை மட்டும் எடுத்துக் கண்காணிப்பதே அறிவு. தொந்தரவு தராத சிறு படிவை அப்படியே விட்டுக் கவனித்து வருவதும் உண்டு.

சொற்கள் நோயைத் தீர்க்காது என்பது இந்த வாதத்துக்கு எதிராக வரக்கூடிய வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் நோயாளி எப்போது மருத்துவரிடம் வருகிறார், எதற்கு ஒப்புக்கொள்கிறார், எவ்வளவு காலம் தொடர்ந்து வருகிறார் என்ற மூன்றையும் சொற்களே தீர்மானிக்கின்றன. தமிழில் தொண்டைக்கட்டுக்கும் தொண்டைக்கட்டிக்கும் இடையே ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. முதலாவதைக் கேட்டால் மிளகுப்பால் போதும் என்று தோன்றும்; இரண்டாவதைக் கேட்டால் புற்றுநோய் என்று நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இந்நோய் இரண்டுக்கும் நடுவே நிற்பது. அந்த நடுவிடத்தைச் சொல்லத் தமிழில் ‘ஓரிடப் படிவு’ என்ற எளிய சொற்றொடரே போதும். அதில் அச்சமும் இல்லை, அலட்சியமும் இல்லை. நோய் ஓரிடத்தில் நிற்பது, பொருளாகப் படிந்திருப்பது ஆகிய இரண்டு உண்மைகளும் இருக்கின்றன.

ஆகவே கல்விப்புலத்தில் இருப்போர் செய்யக்கூடியவை சில. கரகரப்பு நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மௌனத்தை நீட்டிக்காமல், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் குரல்வளை நோக்கி வழியாக உள்ளே பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் நான்கு வாரம் காத்திருக்கவும் கூடாது. துறைத்தலைவர்கள், குரல் போன ஆசிரியரின் விடுப்பை ஒழுக்கக் குறைவாகப் பார்க்காமல் மருத்துவத் தேவையாகப் பார்க்க வேண்டும். கலைச்சொல் அகராதிகளைத் தொகுப்போர், அமைலாய்டை மாவாகவும் அமிலமாகவும் ஆக்காத வடிவத்தை ஏற்க வேண்டும். மருத்துவ மாணவர்களுக்குத் தமிழில் பேசப் பயிற்சி தருவோர், ‘காரணம் தெரியவில்லை’ என்ற ஒற்றை வாக்கியத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்லக் கற்பிக்க வேண்டும்: “படிந்திருப்பது இன்ன புரதம். அதைச் சுரப்பவை அங்கேயே உள்ள இன்ன செல்கள். அவை ஏன் அங்கே பெருகின என்பது இன்னும் தெரியவில்லை. நீங்கள் பேசியதால்தான் வந்தது என்பதற்குச் சான்று இல்லை.”

நான்கு வாக்கியங்கள், சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகும். பேச்சையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, அவற்றுள் நான்காவது வாக்கியத்தைக் கேட்டபின் வகுப்பறைக்குத் திரும்புவது எளிதாக இருக்கும்.